எங்கள் பக்கம் வரும்போது: மர்மத் தொடர் எடுப்பவர்களுக்கு உடுமலையிலிருந்து ஒரு திறந்த மடல்

தமிழில் மர்மத் தொடர் எழுதுகிற, இயக்குகிற, வெளியிடுகிற எல்லோருக்கும்,

வணக்கமுங்க.

நான் உடுமலைப்பேட்டையில் ஒரு பத்திர எழுத்தர் அலுவலகத்தில் பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கிறேன். கிரயம், அடமானம், பாகப்பிரிவினை, செட்டில்மெண்ட், விடுதலை என்று நாள் முழுக்கத் தமிழில் தட்டிக்கொண்டிருப்பவள். மர்மக் கதை என்றால் சின்ன வயசிலிருந்தே எனக்கு உயிர்.

போன மாதம் இரண்டு தம்பிகள் எங்கள் அலுவலகப் படியேறி வந்தார்கள். கொங்கு மண்ணில் நடக்கிற ஒரு கிரைம் தொடருக்கு இடம் பார்க்க வந்திருப்பதாகச் சொன்னார்கள். பூட்டிக் கிடக்கிற பழைய தோட்டத்துச் சாளை வீடு, ஆள் நடமாட்டமில்லாத இட்டேரித் தடம், பாழுங்கிணறு எல்லாம் எங்கே இருக்கும் என்று கேட்டார்கள். தெரிந்ததைச் சொன்னேன். நல்ல பிள்ளைகள், மரியாதையாகத்தான் பேசினார்கள். கிளம்பும்போது ஒருவர் திரும்பி, "அக்கா, இந்தப் பக்கம் பாத்தா பயமா இருக்கற மாதிரி திருவிழா ஏதாச்சும் உண்டுங்களா?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விதான் இந்த மடலை எழுத வைத்தது.

கேள்வி எங்கிருந்து வந்தது என்றும் தெரியும். 2022 ஜூன் 17 அன்று பிரைம் வீடியோவில் வந்த 'சுழல்' முதல் சீசன் தமிழில் மர்மத் தொடருக்கு ஒரு பாதை போட்டது. புஷ்கரும் காயத்ரியும் எழுதி, பிரம்மாவும் அனுசரண் முருகையனும் இயக்கிய எட்டு பாகங்கள். சாம்பலூர் என்று மலையும் காடும் சூழ்ந்த கற்பனை ஊர், அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. ஆலையில் தீப்பிடிக்கிற அதே சமயத்தில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் மகள் நிலா காணாமல் போகிறாள். ஊரெல்லாம் மயானக் கொள்ளைத் திருவிழா. வேஷம் கட்டியவர்களுக்கு நடுவே ஒரு பெண்பிள்ளையைத் தேடுகிறார்கள். பார்க்காதவர்கள் இன்னும் இருப்பார்கள் என்பதால் முடிவைத் தொடமாட்டேன்.

நாங்கள் மூன்று ராத்திரியில் பார்த்து முடித்தோம். நான், வீட்டுக்காரர், மாமியார். மாமியாருக்கு எழுபத்திரண்டு வயசு. சீரியல் பார்க்கவே மாட்டார், பாட்டுக் கேட்பதோடு சரி. ஐந்தாவது பாகம் முடிந்த நேரத்தில் அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "எல்லாருக்குங் கொஞ்சங் கொஞ்சந் தெரிஞ்சிருக்குது. ஒரு எடத்துல உக்காந்து பேசியிருந்தா புள்ளையக் கண்டுபுடிச்சிருக்கலாம்."

அந்த சீசனைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனமும் இதற்குப் பக்கத்தில் வரவில்லை. யார் செய்தார்கள் என்ற கேள்வியோடு உட்கார்ந்த எங்களை, யாருக்கெல்லாம் தெரிந்திருந்தது என்ற கேள்விக்கு மெதுவாக நகர்த்திவிட்டீர்கள். ஒருத்தர் மேல் சந்தேகம் வரவைத்து, அடுத்த பாகத்தில் அவர் வீட்டுக்குள்ளேயே எங்களைக் கூட்டிப்போய் உட்கார வைத்தீர்கள். தகப்பனாக பார்த்திபனும், அக்காவாக ஐஸ்வர்யா ராஜேஷும், இன்ஸ்பெக்டர் ரெஜினாவாக ஸ்ரியா ரெட்டியும் ஆளுக்கொன்றை வாய்க்குள் வைத்துக்கொண்டு நடமாடியது இன்னும் கண்ணில் நிற்கிறது. தமிழில் ஒரு மர்மக் கதைக்கு எட்டு பாகம் அவகாசம் கொடுத்தால் என்ன செய்யலாம் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அதன் பிறகு வந்தவர்கள் அந்த சீசனிலிருந்து எடுத்துக்கொண்டது திருவிழாவை. 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாவது சீசனும் கடலோரம் ஒரு ஊர், அங்கே அஷ்டகாளித் திருவிழா என்றுதான் ஆரம்பித்தது. இப்போது எங்கள் ஊருக்கு இடம் பார்க்க வருகிற தம்பிகளும் முதலில் திருவிழாவைக் கேட்கிறார்கள். சாமியாட்டம், தீவட்டி, முகத்தில் பூசிய சாயம் எல்லாம் கேமராவுக்கு நன்றாக இருக்கும், மறுக்கவில்லை. முதல் சீசனின் பலம் அங்கே இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. மயானக் கொள்ளைக்குப் பேர்போன ஊர் மேல்மலையனூர். அதை எடுத்து மலைக்காட்டில் ஒரு கற்பனை ஊரில் வைத்தீர்கள். கற்பனை ஊர் என்பதால் நாங்களும் ஒத்துக்கொண்டோம். சாம்பலூர்க்காரர்கள் எந்த ஜில்லாத் தமிழ் பேசுகிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. அதையும் பொறுத்துக்கொண்டோம். உடுமலை, பொள்ளாச்சி, தாராபுரம், காங்கயம் என்று பேர் போட்டு எடுக்கும்போது அப்படிப் பொறுத்துக்கொள்ள முடியாதுங்க.

அந்தத் தம்பியின் கேள்விக்கு அன்றைக்கு நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். எனக்குத் தெரிந்து ஒரு சடங்கு உண்டு. அதைப் பார்த்தால் பயமாக இருக்காது.

என் அம்மாவின் ஊர் ஆனைமலைக்குப் பக்கம். எனக்குப் பத்து வயசு இருக்கும்போது மாமாவின் கலியாணச் சீருக்கு வீடு நிறைய ஒறம்பரை, அதாவது சொந்தபந்தம், வந்திருந்தார்கள். மறுநாள் காலையில் பார்த்தால் டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் அம்மாயி (அம்மாவின் அம்மா) சுருட்டி வைத்திருந்த மூன்று பவுன் சங்கிலியைக் காணோம். அப்புச்சி, அதாவது தாத்தா, வாயே திறக்கவில்லை. போலீசுக்குப் போகலாம் என்று யாரோ சொன்னதற்கு, "ஒறம்பரை வந்த வீட்டுல போலீசக் கூப்புடறதா?" என்று அம்மாயி ஒரே பேச்சில் முடித்துவிட்டார். மூன்றாம் நாள் விடியக் கருக்கலில் என்னை எழுப்பி, தலைக்கு வார்த்துவிட்டு, ஒரு மஞ்சள் பையில் வரமிளகாயைப் போட்டுக் கையில் கொடுத்தார். ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போனோம்.

அந்தக் கோயிலை உங்களில் சிலருக்குத் தெரிந்திருக்கும். அம்மன் அங்கே படுத்த கோலத்தில் இருப்பாள். களவு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், நியாயம் கிடைக்காதவர்கள் அங்கே போய் மிளகாய் அரைத்து நீதிக்கல்லில் பூசுவார்கள். அம்மாயி மண்டி போட்டு உட்கார்ந்து அரைத்தார். முதலில் மிளகாய்த்தோல் வழுக்கிக்கொண்டே இருந்தது. தண்ணீர் தெளித்ததும் மசிய ஆரம்பித்தது. நெடி ஏறி எனக்கு இருமல் வந்துவிட்டது. அவர் இருமவில்லை. விதையெல்லாம் மறைந்து சாந்து மாதிரி வழவழவென்று ஆகும்வரை அரைத்தார். அப்புறம் இரண்டு கையாலும் வழித்து எடுத்துக் கல்லில் மேலிருந்து கீழாகப் பூசினார். யார் பேரையும் சொல்லவில்லை. வாய் அசைந்த மாதிரியே எனக்கு ஞாபகமில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் கையை மடிமேல் மல்லாத்தி வைத்துக்கொண்டே வந்தார். விரலெல்லாம் சிவந்து வீங்கியிருந்தது.

அன்று பொழுதோட எல்லோரும் பந்தியாகச் சாப்பிட உட்கார்ந்தோம். ரசம் ஊற்றிக்கொண்டே அம்மாயி யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார்: "மொளகா அரச்சுப் பூசிட்டு வந்துட்டேன். இனி அவ பாத்துக்குவா."

வரிசையில் நாலாவதாக உட்கார்ந்திருந்த ஒரு அத்தை வட்டலைக் கீழே வைத்தார். தரையில் பட்டு ஒரு சின்னச் சத்தம். பாதிச் சோறு அப்படியே இருந்தது. எழுந்து கை கழுவப் போனவர் அன்று ராத்திரி பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பிவிட்டார். அடுத்த தீபாவளிக்கு அவர் வரவில்லை. ஏன் வரவில்லை என்று அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை. சங்கிலியும் திரும்பி வரவில்லை. பல வருஷம் கழித்து அம்மாயி இறந்தபோது வாசலில் விழுந்து அழுதவர்களில் அந்த அத்தை குரல்தான் பெரிசாகக் கேட்டது.

ஆனைமலைக்குப் போகும் முன்பே அம்மாயிக்கு ஆள் தெரிந்திருந்தது என்பது எனக்குக் கலியாணம் ஆன பிறகுதான் உறைத்தது. தெரிந்தே போனார். சொல்லாமல் சொல்லுவதற்கு அவருக்கு ஒரு வழி வேண்டியிருந்தது. பந்தியில் உட்கார்ந்திருந்த பதினைந்து இருபது பேருக்கும் அந்த வட்டல் சத்தத்தோடு தெரிந்துவிட்டது. ஆனாலும் இன்றுவரை எங்கள் குடும்பத்தில் அந்தப் பேரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

இதை உங்கள் தொடரில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பதற்காகச் சொல்லவில்லை. எங்கள் பக்கம் சடங்கு என்பது ஒரு பேச்சு. நேராகக் கேட்க முடியாததைக் கேட்கிற பேச்சு. அதைப் பின்னணியில் மேளம் அடிப்பதற்கும் இருட்டில் பயமுறுத்துவதற்கும் மட்டும் வைத்தால், பேசுகிற வாயைப் பொத்திவிட்டு முகத்தை மட்டும் படம் எடுத்த மாதிரி ஆகிவிடும். மாசாணியம்மனுக்குத் தையில் ஆழியாற்றங்கரையில் நடுச்சாமத்தில் மயான பூஜை நடக்கும், அப்புறம் குண்டம் இறங்குவார்கள், அதாவது தீ மிதிப்பார்கள். கேமராவோடு வருகிறவர்கள் அதற்குத்தான் வருவார்கள். மிளகாய் அரைக்கிற ஒருத்தியின் பக்கத்தில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்தால் உங்களுக்கு ஒரு சீசனுக்கான கதை கிடைக்கும்.

சரி, பேச்சைப் பற்றிச் சொல்ல வேண்டியது இருக்கிறது.

'சுழல்' முதல் சீசனை முப்பதுக்கு மேற்பட்ட மொழிகளில் கொண்டுபோனீர்கள். ஒரு தமிழ்த் தொடருக்கு அது பெரிய பெருமை. ஆனால் திரையில் கொங்குத் தமிழுக்கு எப்போதும் இரண்டே வேலைதான். ஒன்று சிரிக்க வைப்பது, இன்னொன்று வெள்ளை வேட்டியில் தீர்ப்புச் சொல்வது. கவுண்டமணி, கோவை சரளா, மணிவண்ணன், சத்யராஜ், பாக்யராஜ் எல்லோரும் எங்கள் மண்ணிலிருந்து போனவர்கள். அவர்களால்தான் எங்கள் பேச்சு ஊரெல்லாம் தெரியவந்தது. அதில் எங்களுக்குக் குறையே இல்லை. அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் அந்தப் பேச்சை இழுப்பாகவும் 'ஏனுங்' என்ற ஒரு சொல்லாகவும் சுருக்கிவிட்டதில்தான் எங்களுக்கு வருத்தம்.

மர்மக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் இல்லை என்று நான் சொல்வேன். கேட்டுப்பாருங்கள். "தெரியாதுங்." "நாம்பாக்கலைங்." "நம்மளுக்கெதுக்குங் பொல்லாப்பு." கோபத்திலும் அந்த 'ங்' போகாது. பங்காளிச் சண்டையில் வெட்டுவேன் குத்துவேன் என்று பேசும்போதும் மரியாதை விகுதி போகாத ஊர் இது. எங்கள் அலுவலகத்தில் நானே கேட்டிருக்கிறேன், "உங்களச் சும்மா உட மாட்டனுங்" என்று ஒரு பெரியவர் தன் தம்பியிடம் சொன்னதை. அன்பும் மிரட்டலும் ஒரே விகுதியில் வந்து நிற்கும். கண்ணு, சாமி, அம்மிணி என்று கூப்பிடுகிற குரலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உள்ளூர்க்காரருக்கு மட்டும் தெரியும். விசாரிக்க வருகிற போலீஸ்காரர் தஞ்சாவூர்ப் பக்கமோ திருநெல்வேலிப் பக்கமோ ஆனால், அவருக்கு எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள். இதை வைத்தே இரண்டு பாகம் எழுதலாமே!

அதே 2022-இல் டிசம்பரில் வந்த 'வதந்தி' கன்னியாகுமரிப் பக்கத்துக் கதை. ஒரு பெண்ணைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்லுவார்கள், அதில் எது அவள் என்று தேடிக்கொண்டே போவார்கள். அங்கே ஊர் வாயில் கதை கூடிக்கொண்டே போகும். எங்கள் பக்கம் நேரெதிர், கதை குறைந்துகொண்டே வரும். கேட்க கேட்கப் பேச்சு சுருங்கும். எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும்.

அதனால் ஒரு வேண்டுகோள். டப்பிங்கில் கடைசி நேரத்தில் 'ங்க' சேர்க்காதீர்கள். எழுதும்போதே இந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் உங்கள் அறையில் உட்காரட்டும். கோபிசெட்டிபாளையமும் பொள்ளாச்சியும் ஒரே மாதிரி பேசாது என்று சொல்லக்கூடியவராக இருக்கட்டும். தோட்டத்து வீட்டில் பேசுகிற பேச்சு வேறு, வளவில் பேசுகிறது வேறு, தலைமுறை தலைமுறையாக மில்லுக்குப் போன குடும்பத்தில் பேசுகிறது வேறு. தெலுங்கும் கன்னடமும் வீட்டுக்குள் பேசிக்கொண்டு வெளியே கொங்குத் தமிழ் பேசுகிற குடும்பங்கள் எத்தனையோ உண்டு. திருப்பூரில் பனியன் கம்பெனிப் பக்கம் நின்றால் இந்தியும் ஒடியாவும் கேட்கும். இதெல்லாம் இல்லாமல் ஒரு பெரிய வீடு, ஒரு மீசை, ஒரு அரிவாள் என்று எடுத்தால் அது கொங்கு ஆகாது.

என் தொழிலிலிருந்தும் ஒன்று சொல்ல வேண்டும், அது எனக்கு உரிமையுள்ள இடம்.

இப்போது வருகிற தொடர்களில் போலீஸ்காரர் கணினியைத் திறந்ததும் யாருக்கு எந்தச் சொத்து என்று திரையில் ஓடிவிடுகிறது. வில்லங்கச் சான்று அப்படி வேலை செய்யாதுங்க. பதிவானது மட்டும்தான் அதில் வரும். பதிவு செய்யாமல் இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதி வைத்த கிரைய ஒப்பந்தம் வராது. வாய்ப்பேச்சுக் கடன் வராது. பீரோவில் இருக்கிற பதியாத உயில் வராது. வில்லங்கம் சுத்தமாக இருக்கிற பூமியில்தான் பல சமயம் பெரிய வில்லங்கம் இருக்கும். பத்தொன்பது வருஷத்தில் நான் கற்ற பாடம் இது. தடயம் என்று நீங்கள் தேடுவதை, பதிவாகாமல் விட்டுப்போனதில் தேடிப்பாருங்கள்.

எங்கள் மேசைக்கு அதிகம் வருகிற ஒரு பத்திரத்தைப் பற்றிச் சொல்கிறேன். விடுதலைப் பத்திரம், சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுக்கிற பத்திரம். 1989-இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டு, அப்போது கலியாணம் ஆகாத மகள்களுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு வந்தது. 2005-இல் நாடு முழுவதற்கும் மகள்களுக்கு அந்த உரிமை வந்தது. அதிலிருந்து அண்ணன் தம்பிகள் பூமியை விற்கவோ அடமானம் வைக்கவோ போனால் அக்கா தங்கைகளின் கையெழுத்து வேண்டும். கார் வைத்துக் கூட்டி வருவார்கள். வரும் வழியில் டிபன் வாங்கிக் கொடுத்திருப்பார்கள். புதுச்சேலை கட்டிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு. "எனக்குள்ள பாத்தியத்தை முழுமனதுடன் விடுதலை செய்து கொடுத்து" என்று நான் தட்டிய வரியை நானே படித்துக் காட்டுவேன். பாதியில் அண்ணன் சொல்வார், "அதெல்லாம் அவளுக்குத் தெரியுமுங், நீங்க மேல போங்க." சார்பதிவாளர் முன்னால் போட்டோ எடுக்க உட்காரும்போது சேலைத் தலைப்பைச் சரி செய்துகொள்வார்கள். விரல் ரேகை சில சமயம் மெஷினில் ஏறாது. வருஷக்கணக்கில் களை எடுத்து, பாத்திரம் தேய்த்து ரேகை தேய்ந்திருக்கும். துடைத்துவிட்டுத் திரும்பத் திரும்ப வைப்பார்கள். ஒரு அக்கா நாலாவது தடவை வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "அதுக்கே மனசு வரல போலிருக்குதுங் கண்ணு" என்றார். அண்ணன் வெளியே போனில் பேசிக்கொண்டிருந்தார்.

விருப்பத்தோடு எழுதிக் கொடுக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், அதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிறந்த வீடு வேண்டும், சீருக்கு அண்ணன் வர வேண்டும், அதற்கு முன்னால் பூமி என்ன பெரிசு என்று நினைக்கிறவர்கள். எது விருப்பம், எது வேறு வழியில்லாதது என்று எனக்கே பல நேரம் பிரித்துப் பார்க்கத் தெரியாது. உங்கள் கதையில் கொலைக்குக் காரணம் தேடி மாந்திரீகம், மனநோய், புதையல் என்று போகிறீர்கள். சார்பதிவாளர் அலுவலக வராண்டாவில் ஒரு முகூர்த்த நாளில் வந்து நில்லுங்கள்.

பத்திரத்தில் ஒரு ஒழுங்கு உண்டு, மர்மக் கதைக்கும் அது வேண்டும் என்று நினைக்கிறேன். சொத்து விவரத்தில் நான்கு எல்லையும் எழுதாமல் யாரும் கிரயம் செய்வதில்லை. இன்னார் பூமிக்குக் கிழக்கு, இட்டேரிக்கு மேற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்னார் கிணற்றுக்குத் தெற்கு என்று முதலிலேயே சொல்லிவிடுவோம். அதற்குள் கிடப்பதுதான் சொத்து. முதல் சீசனில் நீங்கள் அப்படித்தான் செய்தீர்கள். கடைசிப் பாகத்தில் திறந்து காட்டியதற்கு வேண்டிய ஆட்களும் இடங்களும் முதல் இரண்டு மூன்று பாகத்திலேயே எங்கள் கண் முன்னால் இருந்தன. இப்போது சில தொடர்களில் ஏழாவது பாகத்தில் எங்கிருந்தோ ஒருவர் வந்து, இவர்தான் செய்தார் என்கிறார்கள். எல்லைக்கு வெளியே இருக்கிற பூமியை எங்களுக்கு விற்கிற வேலை அது.

அடுத்ததை எழுதுவது எனக்குச் சுலபமில்லை.

2016 மார்ச் 13, ஞாயிற்றுக்கிழமை. எங்கள் உடுமலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், பட்டப்பகலில், காதலித்துச் சாதி மாறிக் கலியாணம் செய்த ஒரு இளைஞரைக் கடைவீதியில் வெட்டிக் கொன்றார்கள். மனைவியையும் வெட்டினார்கள். அவர் பிழைத்தார். கண்காணிப்புக் கேமராவில் எல்லாம் பதிவானது, நாடே பார்த்தது. நான் தினமும் அந்த வழியாகத்தான் வேலைக்கு நடந்து போகிறேன். அதில் யார் செய்தார்கள் என்ற மர்மம் ஒரு நாளும் இருந்ததில்லை. பொள்ளாச்சியில் 2019-இல் வெளியே வந்த பாலியல் கொடுமை வழக்கில், 2025 மே 13 அன்று ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது கோவை மகளிர் நீதிமன்றம். முதல் புகார் வருவதற்கு முன்னால் எத்தனை காதுகளுக்கு எத்தனை துண்டுச் செய்திகள் போயிருக்கும்? என் மாமியார் சாம்பலூரைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைதான்: எல்லாருக்குங் கொஞ்சங் கொஞ்சம்.

இவற்றைத் தொடராக எடுக்காதீர்கள் என்று சொல்லவில்லை. எடுக்கும்போது அந்தப் பெண்களின் உடம்பைக் காட்டிக் கதையை விறுவிறுப்பாக்காதீர்கள். பேர் மாற்றி, ஊர் மாற்றி, 'உண்மைச் சம்பவம்' என்று போஸ்டரில் போடாதீர்கள். அந்தப் பிள்ளைகள் இதே ஊர்களில்தான் பஸ் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறார்கள், தாய் தகப்பன் இதே கடைகளில்தான் சாமான் வாங்குகிறார்கள். முதல் சீசனில் நிலாவைத் தேடும்போது அவளை ஒரு பிள்ளையாக எங்களிடம் கொண்டுவந்தீர்கள். அவளுக்கு ஒரு சிரிப்பு இருந்தது, பிடித்த ஒருவன் இருந்தான். அந்தக் கவனம் இங்கே பத்து மடங்கு வேண்டும். சாதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கக் குற்றத்தை எடுத்துக்கொண்டு சாதிப் பேரை மட்டும் மௌனமாக்கினால், அந்தப் பந்தியில் உட்கார்ந்து தலை குனிந்து சாப்பிட்டவர்களில் நீங்களும் ஒருவராகிவிடுவீர்கள்.

வெளியிடுகிற நிறுவனத்தாருக்குத் தனியாக ஒன்று. எட்டு பாகத்தையும் ஒரே நாளில் கொட்டிவிடாதீர்கள். 1990-களில் சன் டிவியில் 'மர்மதேசம்' வாரம் ஒரு நாள் வரும். பக்கத்து வீட்டுத் திண்ணையில் கூட்டமாக உட்கார்ந்து பார்ப்போம். மறுநாள் பள்ளிக்கூடத்தில், ரேஷன் கடையில், குழாயடியில் அடுத்த வாரம் வரைக்கும் பேச்சு அதுதான். நாங்களே பத்து முடிவு கட்டிவிடுவோம். அந்த ஆறு நாள்தான் மர்மம். இப்போது ராத்திரி உட்கார்ந்தால் விடிவதற்குள் முடிந்துவிடுகிறது. பேசுவதற்கு ஆளில்லை. ஒருத்தர் மூன்றாவதில் இருக்கிறார், ஒருத்தர் முடித்துவிட்டார்.

தொடர்கதைக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் பழக்கம்தான். அண்ணன்மார் கதையை உடுக்கை அடித்துப் பல ராத்திரி பாடுவார்கள். பொன்னரும் சங்கரும் கடைசியில் படுகளத்தில் விழுவார்கள் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் தெரியும். தெரிந்தும் போர்வையோடு வந்து உட்காருவார்கள். கனடா நாட்டு மானிடவியல் ஆய்வாளர் பிரெண்டா பெக் 1965-இல் காங்கயம் பக்கம் தங்கி, 18 ராத்திரி பாடியதை ஒலிநாடாவில் பதிந்தார். முடிவு தெரிந்த கதைக்குப் பதினெட்டு ராத்திரி தூக்கம் முழித்த ஜனங்களுக்கு, ஒரு வாரம் பொறுக்கத் தெரியாது என்று எண்ணிவிடாதீர்கள்.

இன்னும் எழுத எவ்வளவோ இருக்கிறது. பரம்பிக்குளம்–ஆழியாறு பாசனத்தில் சுமார் 3.77 லட்சம் ஏக்கரை நான்கு மண்டலமாகப் பிரித்து முறை வைத்துத் தண்ணீர் விடுவார்கள். மடை அடைத்து வாய்க்கால் வற்றும்போது தரையில் என்னென்ன கிடக்கும் என்று பார்த்திருக்கிறீர்களா? ஒற்றைச் செருப்பு, உடைந்த சாமி படம், மூட்டை கட்டிப் போட்ட துணி. ஒரு தடவை நம்பர் பிளேட் கழற்றிய மொபட் ஒன்று கிடந்தது. கரையில் நின்று ஊரே பார்த்தது. யாருடையது என்று ஒருத்தரும் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அது அங்கே இல்லை.

அந்த இரண்டு தம்பிகளுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கேமரா இல்லாமல் ஒரு தடவை வாருங்கள், தையிலோ மாசியிலோ. எங்கள் அலுவலகம் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு எதிர்வரிசையில் இருக்கிறது, காலை பத்து மணிக்குத் திறப்போம். மத்தியானம் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்துவிடுங்கள். மாமியார் அந்த முதல் சீசனைப் பற்றிப் பேச ஆள் கிடைக்காமல் இருக்கிறார்.

இப்படிக்கு,
உடுமலைப்பேட்டையிலிருந்து ஒரு பத்திர அலுவலக ஊழியர்